அடுகோடிக்கு இரண்டு கடல்கள்

இந்திய வரைபடத்தில் பதின்மூன்றாவது வடக்கு அட்சக்கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினால், மங்களூர் அருகே அரபிக் கடலிலிருந்து கரையேறி, பெங்களூரைத் தொட்டுக்கொண்டு போய், சென்னையில் வங்கக் கடலில் இறங்கிவிடலாம். மூன்று நகரங்களும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருக்கின்றன. அதைவிட வியப்பானது, நடுவில் உள்ள நகரம் கிட்டத்தட்டச் சரிபாதியில் இருப்பது. பெங்களூரிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் இரண்டு கரைகளும் 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை.

பெங்களூரில் ஓசூர் சாலையை ஒட்டிய அடுகோடியில் இந்தக் கணக்கு நீண்ட விடுமுறை வரும்போதெல்லாம் உயிர் பெறும். பாஷ் வளாகத்தை இன்னமும் மைக்கோ என்றே சொல்லும் பழைய குடும்பங்கள் இருக்கும் பகுதி இது. தமிழ் பேசும் வீடுகள் நிறைய. புதுச்சேரிக்கா, மகாபலிபுரத்துக்கா, முருதேஸ்வருக்கா, கோகர்ணாவுக்கா? இரவுப் பேருந்தில் ஏறினால் எல்லாமே மறுநாள் காலைக்குள் எட்டும் தூரம்தான்.

தண்ணீருக்கு இந்தத் தேர்வு கிடையாது. அடுகோடியில் பெய்யும் மழை ராஜகால்வாய் வழியே கோரமங்கலா பள்ளத்தாக்கில் ஓடி, பெல்லந்தூர் ஏரிக்கும் வர்த்தூர் ஏரிக்கும் போய், தென்பெண்ணையில் சேர்கிறது. அங்கிருந்து ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி, பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று ஒவ்வொரு அணையாகத் தாண்டி, கடைசியில் கடலூர்ப் பக்கம் வங்கக் கடலைத் தொடுகிறது. நகரின் மேற்குப் பகுதியில் விழும் மழையும் விருஷபாவதி, அர்க்காவதி, காவிரி என்று சுற்றிக் கிழக்குக்கே வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால் பெங்களூர் மழை அரபிக் கடலுக்கு ஓடுவதில்லை.

கடலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் விடுதிக் கட்டணத்தையும் தெரிந்தவர் சொன்ன ஊரையும் வைத்து முடிவெடுக்கிறார்கள். உண்மையில் முடிவெடுக்க வேண்டியது மாதம். இரண்டாவதாக, அங்கே போய் என்ன செய்யப்போகிறோம் என்பது. அலைச்சறுக்கு விளையாடுவதற்கும், முக்குளிப்பதற்கும், பிள்ளைகளைக் கரையோரம் குளிக்க விடுவதற்கும் வேண்டிய கடல் ஒன்றல்ல. ஒரே வாரத்தில் ஒரு கரை கொந்தளிக்கும். மற்றது விளையாட அழைக்கும். இந்த இரண்டு கடல்களும் ஆண்டு முழுவதும் முறைவைத்து மாறிக்கொள்வதைப் புரிந்துகொள்ள, ஜூன் மாதத்தில் தொடங்குவதுதான் வசதி.

ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை கர்நாடகக் கரையில் மோதுகிறது. ஈரக்காற்று மலைச்சுவரில் ஏறிக் குளிர்ந்து கொட்டும் மழையால், மங்களூர் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் நனைகிறது. மலையைத் தாண்டிய பெங்களூருக்குக் கிடைப்பது சுமார் 1,000. அதே காற்று கடலையும் கிளப்பிவிடுகிறது. கரைக்குச் சற்றுத் தள்ளியே மூன்று, நான்கு மீட்டர் உயர அலைகள் சாதாரணமாக எழும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வந்த தடை என்றாலும், கடலுக்குப் போவதே ஆபத்தான காலம் அது. முருதேஸ்வரிலும் மல்பேயிலும் நீர் விளையாட்டுகள் நிறுத்தப்படும். அந்த மாதங்களில் மழையைப் பார்க்க மேற்கே போகலாம். கடலில் இறங்கப் போகக் கூடாது.

கிழக்கில் அதே மாதங்களில் நடப்பது வேறு. சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள கோவளத்தில், ஜூலை மாதக் காலை ஆறரை மணிக்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. எதிர்த்து வரும் அலையின் முகத்தை அந்தக் காற்று வழவழவென்று நீவிவிட்டு, உடைவதையும் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது. அலையின் உச்சியிலிருந்து தூவானம் பின்னோக்கிப் பறப்பதைக் கரையில் நின்றே பார்க்கலாம். அலைச்சறுக்கு வீரர்கள் விடியலில் எழுந்து ஓடுவதற்கு இதுதான் காரணம். வெயில் ஏறி நிலம் சூடானதும் அதன் மேல் உள்ள காற்று லேசாகி எழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே வருகிறது. நண்பகலுக்குப் பிறகு அலை முகமெல்லாம் குலைந்து, சுருக்கம் சுருக்கமாகிவிடும். மேற்கத்திக் காற்று பலமாக அடிக்கும் நாளில் கடல்காற்று தாமதமாகும். சென்னைவாசிகளுக்கு அது புழுக்கம். அலைச்சறுக்குக்காரர்களுக்கு இன்னும் இரண்டு மணி நேர விளையாட்டு.

காற்று நிலத்திலிருந்து வீசும்போது அலை மட்டும் எங்கிருந்து வருகிறது? தொலைவிலிருந்து. தெற்கே, பூமத்திய ரேகைக்கும் அப்பால், நாற்பது டிகிரி தெற்கு அட்சத்தைச் சுற்றி ஆண்டு முழுவதும் புயல்கள் சுழல்கின்றன. அங்கே பிறக்கும் அலைகளில் நீளமானவை வெகுதூரம் வரும். ஆழ்கடலில் அலையின் வேகம் அதன் கால இடைவெளியைப் பொறுத்தது: ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 10 விநாடி இருந்தால் வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர், அலைநீளம் 156 மீட்டர். இடைவெளி 16 விநாடியானால் முகடு மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடும். ஆனால் அலைக்கூட்டம் சுமந்து வரும் ஆற்றல் அதில் பாதி வேகத்தில்தான் நகர்கிறது. நாளுக்கு ஏறத்தாழ 1,080 கிலோமீட்டர். ஆறாயிரம் கிலோமீட்டர் தெற்கே அடித்த புயலின் செய்தி கோவளத்துக்கு வந்துசேர ஐந்து, ஆறு நாள் ஆகும். இலங்கை குறுக்கே கிடப்பதால் வருவதில் ஒரு பங்கு மட்டுமே தமிழகக் கரையை அடைகிறது. ஆரம்பநிலைக்காரர்களுக்கு அதுவே நல்லதாகப் போய்விட்டது.

கரையை நெருங்கும்போது கணக்கு மாறுகிறது. ஆழம் குறையக் குறைய அலையின் அடிப்பகுதி தரையை உணர்ந்து வேகம் இழக்கிறது, உயரம் கூடுகிறது. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் முக்கால் பங்கைக் கடக்கும்போது உடைகிறது. ஒரு மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில், அதாவது பெரியவர் ஒருவரின் மார்பளவு நீரில் உடையும். அந்த இடத்தில் அதன் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் அளவில் இருக்கும்; சுமாராக ஓடுகிறவரின் வேகம். பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவுகிறவருக்கு அதில் பாதி வேகம்கூட வராது. ஆகவே அலை உடைவதற்குச் சற்று முன், அதன் சரிவு செங்குத்தாகும் அந்த ஓரிரு விநாடிக்குள் பலகை சரிவில் வழுக்கத் தொடங்கிவிட வேண்டும். மீதி வேகத்தைப் புவியீர்ப்பு கொடுக்கிறது. அலைச்சறுக்கின் திறமையில் பெரும்பங்கு எழுந்து நிற்பதில் இல்லை, எங்கே காத்திருப்பது என்பதில் இருக்கிறது. மீனவர் பிள்ளைகள் இந்த விளையாட்டில் சீக்கிரம் தேறுவது இதனால்தான். கட்டுமரத்தை அலைக்குள் தள்ளிவிடும் நேரத்தைக் கணித்த குடும்பங்களில் வளர்ந்தவர்கள் அவர்கள். கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய அந்த மிதவையில் அலை ஏறி விழுந்தாலும் தண்ணீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். மூழ்குவதற்குப் பள்ளமே இல்லை.

கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் இப்படி வந்தவர். அவர் முன்னின்று 2012இல் உருவான சர்ஃப் பள்ளி, ஊர்ப் பிள்ளைகள் பலரைப் பயிற்சியாளர்களாக்கியது. மேற்குக் கரையில் அதற்கும் முன்பே, 2004இல், மங்களூருக்கு வடக்கே முல்கியில் அமெரிக்கரான ஜாக் ஹெப்னர் மந்த்ரா சர்ஃப் கிளப்பைத் தொடங்கியிருந்தார். இரண்டு கரைகளும் நடத்தும் போட்டிகளின் தேதியே பருவத்தைச் சொல்லிவிடும். முல்கிக்குப் பக்கத்து சசிஹித்லுவில் இந்தியன் ஓப்பன் போட்டி பெரும்பாலும் மே கடைசியில், பருவமழை வந்து இறங்குவதற்கு முந்தைய சில நாட்களில் நடக்கிறது. ஆசிய அலைச்சறுக்குப் போட்டி 2025இல் முதல்முறையாக இந்தியாவுக்கு வந்தபோது, நடந்த இடம் மகாபலிபுரம், மாதம் ஆகஸ்ட். ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வென்று, அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியரானார். அதே ஆகஸ்டில் சசிஹித்லுவில் போட்டி வைப்பதை யாரும் நினைத்துப் பார்க்க முடியாது.

இலங்கையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. கிழக்கே பொத்துவில் அருகே அறுகம் குடாவில் மே முதல் செப்டம்பர் வரை அலைச்சறுக்குக் காலம். நவம்பர் வந்தால் கூட்டம் தெற்கே வெலிகமவுக்கும் மேற்கே ஹிக்கடுவைக்கும் போய்விடும். சிறு தீவுதான்; அதற்கும் இரண்டு கடல், இரண்டு நாட்காட்டி.

தொலைதூரப் புயல் அலை தருகிறது என்ற அறிவியல் மகிழ்ச்சியான செய்தி மட்டும் அல்ல. வானம் தெளிந்து, காற்று அடங்கி, வெயில் காயும் ஒரு நாளில் கடல் திடீரெனப் பொங்கிக் கரை ஏறுவதைக் கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் தென் அட்லாண்டிக்கில் உருவான ஒரு வானிலை அமைப்பு தென்னிந்தியப் பெருங்கடலுக்கு நகர்ந்து, அங்கே பெரும் அலைகளை எழுப்பியது. அவை மே 4ஆம் தேதி வாக்கில் கேரள, குமரிக் கரைகளை எட்டின. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், முன்கூட்டியே எச்சரிக்கை விடுத்திருந்தது. மே 6ஆம் தேதி, குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் இளம் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவர்களைக் கொண்டுபோன அலை பிறந்தது பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு வாரத்துக்கு முன்பு. வானத்தைப் பார்த்துக் கடலை மதிப்பிடும் பழக்கம் உள்நாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. மழைமேகத்தைப் பார்த்துக் குடை எடுக்கிறவர்களுக்கு அது இயல்புதான், ஆனால் கடலில் அது உதவாது. இன்காய்ஸ் தளத்தில் மாவட்டவாரியாக அலை எச்சரிக்கை வெளியாகிறது. கிளம்புகிற அன்று காலையில் அதைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். விடுதி முன்பதிவுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு துளி.

இன்னொரு ஆபத்து தினசரி உள்ளது. எந்தப் புயலும் வேண்டாம். அலைகள் தொடர்ந்து தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கரைக்கும் நீருக்கடி மணல்திட்டுக்கும் நடுவில் சேரும் அந்தத் தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். திட்டில் எங்கே ஒரு பள்ளம் இருக்கிறதோ அங்கே எல்லாம் ஒன்றாகத் திரண்டு ஒரு வாய்க்காலாக உள்ளே பாய்கிறது. இதுவே இழுப்பு நீரோட்டம், ரிப் கரண்ட். பெரும்பாலும் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடும். வேகம் கூடினால் 2.5 மீட்டரைத் தொடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலை 46.40 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்த பான் ஜான்லேயின் சராசரி வேகம் விநாடிக்கு 2.16 மீட்டர். அவரையே பின்னால் இழுத்துவிடும் ஓட்டம் அது.

கொடுமை என்னவென்றால், கரையில் நிற்கிறவர் கண்ணுக்கு அந்த இடம்தான் கடலிலேயே அமைதியானதாகத் தெரியும். வாய்க்கால் ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை புரள, நடுவில் கருத்த, தட்டையான ஒரு பட்டை. சில சமயம் கலங்கிய மணலும் நுரைத்திட்டுகளும் அதில் கடலை நோக்கி நகர்வது தெரியும். பிள்ளைகளை அழைத்து வந்தவர், அலை அடிக்காத இடமாகப் பார்த்து இறக்கிவிடுவோம் என்று அந்தப் பட்டையைத் தேர்ந்தெடுப்பார். அலைச்சறுக்கு வீரரும் அதே பட்டையைத்தான் தேடுவார். துழாவிக் களைக்காமல் அலைக்கு அப்பால் கொண்டுபோய் விடும் இலவச வண்டி அவருக்கு அது. ஒரே நீரோட்டம், அறிந்தவருக்குப் பாதை, அறியாதவருக்குப் பொறி.

அதில் சிக்கியவர் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது, அது கீழே இழுக்காது, வெளியே மட்டுமே கொண்டுபோகும் என்பது. அலை உடையும் வரிசையைத் தாண்டியதும் அதன் வேகம் தளர்ந்துவிடும். கரையை நோக்கி நேராக எதிர்த்து நீந்துகிறவர் களைப்பில்தான் சாகிறார். மல்லாந்து மிதந்து, மூச்சைச் சீராக்கி, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, நுரை தெரியும் இடத்துக்கு வந்து, அலையோடு திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர் பாய்ந்து போவதைவிடக் காலி தண்ணீர்க் கேனையோ பந்தையோ எறிவது மேல். காப்பாற்றப் போன உறவினரும் சேர்ந்து மாண்ட செய்திகள் ஒவ்வொரு ஆண்டும் வருகின்றன. ஜீன்ஸும் சுடிதாரும் அணிந்து இறங்குவதையும் சொல்லியாக வேண்டும். நனைந்த துணி ஒவ்வொரு உதைப்புக்கும் தடை போடுகிறது. நகரத்து நீச்சல் குளத்தில் உடைக்கு விதி வைத்திருப்பவர்கள், அதைவிடப் பலமடங்கு வலிமையான நீரில் எந்த விதியும் இல்லாமல் இறங்குகிறார்கள்.

மேற்குக் கடல் அடங்கியிருக்கும் மாதத்திலும் இது பொருந்தும். 2024 டிசம்பர் 10ஆம் தேதி, கோலார் மாவட்டத்திலிருந்து பள்ளிச் சுற்றுலா வந்த மாணவிகள் நால்வர் முருதேஸ்வர் கடற்கரையில் மூழ்கி இறந்தார்கள். டிசம்பர் அங்கே நல்ல பருவம்தான். நல்ல பருவம் என்பது கடலின் சராசரி. ஒரு குறிப்பிட்ட பள்ளத்தில், ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் தராது. பிள்ளைகளோடு போகிறவர்கள் உயிர்காப்பாளரும் கொடியும் உள்ள கடற்கரையைத் தேர்ந்தெடுப்பதே முறை. நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரைகளில் குளிக்கும் பகுதி குறிக்கப்பட்டு, கண்காணிப்பும் இருக்கும். மேற்கில் பாடுபித்ரியும் காசர்கோடும் 2020இல் அந்தச் சான்றைப் பெற்றன; காசர்கோடு என்பது இங்கே கேரள ஊரல்ல, ஹொன்னாவரை ஒட்டிய கடற்கரை. கிழக்கில் கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் 2021இல் சேர்ந்தன.

அக்டோபரில் முறை மாறுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட, சென்னை தன் ஆண்டு மழையான சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கும் மேல் டிசம்பருக்குள் பெற்றுவிடும். வங்கக் கடலில் புயல் பிறக்கும் காலம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலில், அந்த நகரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தென்பெண்ணையில் வெள்ளம் பாய்ந்து விழுப்புரம், கடலூர் மாவட்டங்களை மூழ்கடித்தது. தசராவுக்குப் பள்ளி விடுமுறை விடும்போது அடுகோடிக் குடும்பம் கிழக்கே டிக்கெட் போடுவது சூதாட்டம். அதே நாட்களில் மேற்கே கடல் தெளிந்துகொண்டு வருகிறது.

அந்தத் தெளிவை முழுமையாகப் பயன்படுத்துவது முக்குளிப்பு. முருதேஸ்வரிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் தொலைவில் நேத்ராணி என்ற பாறைத்தீவு இருக்கிறது. பருவமழை ஓய்ந்து ஆறுகளின் கலங்கல் அடங்கியதும், அக்டோபரிலிருந்து மே வரை அங்கே ஸ்கூபா நடக்கும். நீச்சல் தெரியாதவரையும் பயிற்சியாளர் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கு அழைத்துப் போகிறார். பத்து மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல இரு மடங்கு. காதில் வலிப்பது அதனால்; மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி அழுத்தத்தைச் சமன்செய்யச் சொல்வார்கள். மேலே வரும்போது மூச்சை அடக்கக் கூடாது என்பது முக்குளிப்பின் முதல் சட்டம். கீழே நுரையீரலை நிறைத்த காற்று, மேலே இரு மடங்காக விரியும்.

பெங்களூர்க்காரர்களுக்கு மட்டும் இங்கே கூடுதலாக ஒரு பாடம் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைகிறது. மேலே வந்த பிறகு மெல்ல மெல்ல வெளியேறும். அதற்குள் அழுத்தம் மேலும் குறைந்தால் அது குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கலாம். ஆகவேதான் ஒருமுறை முக்குளித்தவர் 12 மணி நேரமும், பலமுறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்று முக்குளிப்பு மருத்துவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். சாலையில் 600 மீட்டருக்கு மேல் ஏறுவதற்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். அடுகோடி இருப்பது கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஞாயிறு மதியம் நேத்ராணியில் முக்குளித்துவிட்டு அன்று இரவே மலைப்பாதையில் பேருந்து ஏறுகிறவர் அந்த 12 மணி நேரத்தை எண்ண வேண்டும். ஆழம் குறைந்த ஒரே முக்குளிப்பில் ஆபத்து மிகச் சிறியதுதான். ஆனாலும் முதல் நாள் முக்குளித்து, மறுநாள் கரையில் விளையாடிவிட்டுக் கிளம்பினால் அந்தக் கவலையும் இல்லை.

வெயிலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: மலைமேல் உள்ள ஊருக்கு வெயில் மென்மை, கடற்கரைக்குக் கடுமை என்று. புறஊதாக் கதிர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடும். ஒரே மாதிரி தெளிந்த வானத்தில் அடுகோடிக்குக் கிடைப்பது சென்னையைவிடச் சற்று அதிகம். கடற்கரையில் தோல் கருகுவதற்குக் காரணம் நாம் அங்கே இருக்கும் விதம். நிழல் இல்லை, நேரம் அதிகம், உடை குறைவு. காய்ந்த மணல் 15 சதவீதக் கதிரையும் கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கின்றன. அரை மீட்டர் ஆழ நீருக்குள்ளும் மேற்பரப்பின் 40 சதவீதம் எட்டுகிறது. கழுத்தளவு நீரில் நிற்பது நிழலில் நிற்பது ஆகாது. கடல்காற்று சூட்டை மறைத்துவிடுவதால் உடலும் எச்சரிப்பதில்லை. ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். வழிந்த வியர்வை உடலைக் குளிர்விக்காது. காய்ந்த மணலில் ஓடினால் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று அளந்திருக்கிறார்கள். கடற்கரைக் கிரிக்கெட்டை எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அலை நனைத்த விளிம்பில் ஆடுவது சரியான முடிவு: மணல்துகள்களுக்கு இடையே தங்கும் சிறிதளவு நீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிப்பதால், தரை இறுகிப் பந்து எழும்புகிறது.

புதுச்சேரிக்குப் போகும் பெங்களூர்க்காரர்களில் பலர் கடற்கரைச் சாலையில் மணலைத் தேடிக் கருங்கற்களைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். அந்தக் கற்களுக்குப் பின்னே நல்ல அறிவியல் இருக்கிறது. மார்ச் முதல் அக்டோபர் வரை தென்கிழக்கிலிருந்து சாய்வாக மோதும் அலைகள் கிழக்குக் கரையோரம் மணலை வடக்கே நகர்த்துகின்றன. மற்ற மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்பும். மொத்தத்தில் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் பயணம் போகிறது. 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்தப் பயணத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்துபோனது. சென்னைத் துறைமுகம் கட்டியபோதும் இதுதான் நடந்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் அரிந்தது. பாதிக்கப்பட்ட ஊர்களில் தூண்டில் வளைவு என்ற கல்தடுப்பு கேட்டு மீனவர்கள் போராடுவதும், அது கட்டியபின் அடுத்த ஊரில் அரிப்பு தொடங்குவதும் இன்றும் நடக்கிறது. புதுச்சேரியில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வேறு வழியை முயன்றது. 2018இல் ஆப்பு வடிவிலான பெரிய எஃகுப் பெட்டகத்தை நீருக்கடியில் இறக்கி, அலையின் வலுவைக் கரைக்கு முன்பே குறைத்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் மீண்டும் சேர்ந்தது. இப்போது மாலையில் பிள்ளைகள் கால் நனைக்கும் அந்தச் சிறு மணற்பரப்பு பொறியாளர்கள் திருப்பிக் கொண்டுவந்தது. அதில் நிற்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல ஒரு பலகையாவது அங்கே வேண்டும்.

இரண்டு குணமுள்ள கடல்களை ஒரே இடத்தில் பார்க்க ராமேஸ்வரம் போக வேண்டும். தனுஷ்கோடி போகும் சாலையின் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. உள்ளூரில் அமைதியானதைப் பெண் கடல் என்றும் ஆர்ப்பரிப்பதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். காற்று திரும்பும் மாதங்களில் அந்தக் குணமும் இடம் மாறுவதைப் பார்க்கலாம். கோடையில் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று மன்னார் பக்கம் அலையெழுப்புகிறது. நடுவில் உள்ள மணல்திட்டு மறைப்பதால் பாக் பக்கம் நீர் தட்டையாகக் கிடக்கும். டிசம்பர் தொடங்கி மார்ச் வரை வடகிழக்குக் காற்றில் இது தலைகீழ். இந்தியாவில், பட்டம் இழுக்கப் பலகையில் நீர்மேல் சறுக்கும் பட்டச்சறுக்கைக் கற்க வருகிறவர்கள் இங்கே கூடுவது இதனால்தான்: ஆண்டில் இரண்டு காற்றுக்காலம், எந்தக் காற்றுக்கும் ஒரு பக்கம் தட்டையான, ஆழம் குறைந்த நீர்.

பட்டத்தின் இழுவிசை காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 15 நாட் காற்று 20 நாட் ஆனால் வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்கு, இழுப்பு கூடியது முக்கால் பங்குக்கும் மேல். ஆகவே காற்று வலுக்க வலுக்க 12 சதுர மீட்டர் பட்டத்தை மடித்து வைத்துவிட்டு 9, 7 என்று சிறிதாக்குவார்கள். தட்டையான பக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. அங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், பட்டம் நீரில் விழுந்து மீண்டும் எழாவிட்டால் ஆளை உள்ளே தள்ளிக்கொண்டே போகும். மீட்புப் படகு இல்லாமல் அந்தப் பக்கத்தில் யாரையும் நீரில் இறக்காத பயிற்சியாளரிடம் கற்பதே சரி. அடுகோடிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விடும் ஏப்ரல், மே மாதங்களில் தென்மேற்குக் காற்று அங்கே நிலைபெறத் தொடங்கியிருக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பாம்பனில் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்க, பாக் பக்கத்து நீரில் பட்டங்கள் மட்டும் ஓடும்.